கேஸ் மாத்திரை எதுவரைக்கும்? சிப்காட் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் மருந்துக் கடை வாசலில் நின்றால் அடிக்கடி காதில் விழும்: "அண்ணா, ரெண்டு வலி மாத்திரை, ரெண்டு கேஸ் மாத்திரை." கடைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து அட்டையை நறுக்கிக் கொடுப்பார். ஃபர்னஸ் முன்னால் நிற்பவர், ரோலிங் மில்லில் கம்பியோடு மல்லுக்கட்டுபவர், காக்களூர் சிட்கோவில் லேத் ஓட்டுபவர், எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்கு லாரி ஓட்டுபவர் என்று பலர் வீட்டு மாத்திரை டப்பாவில் இந்த கேஸ் மாத்திரை நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது. நல்ல மருந்துதான். 1988-ல் ஸ்வீடனில் இருந்து ஒமெப்ரசோல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த மருந்துகளும் சேர்ந்து, அல்சருக்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும் காலத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன. ஆனால் ஒன்றரை மாதத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை ஆறு வருஷம் ஓடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும் கேஸ் என்று சொல்லி மாத்திரையோ சோடாவோ கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ஃபர்னஸ் பக்கம் வேலை செய்பவருக்கு வியர்வை சகஜம் என்பதால் அங்கே இந்தத் தவறு நடப்பது ரொம்பச் சுலபம். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சல் போலவே வரலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கம்பெனிக்குள் என்றால் எந்த கேட் என்பதையும் சொல்லி, ஒரு ஆளை வாசலுக்கு அனுப்புங்கள். 108 வர நேரமாகும் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய முதல் கட்ட மாரடைப்பு மாத்திரைகளை அங்கே வைத்திருக்கிறார்கள்.

2. உங்களிடம் இருப்பது எந்த மாத்திரை என்று பாருங்கள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல், ரபேப்ரசோல், லான்சோப்ரசோல் என்று 'ப்ரசோல்' என முடிந்தால் எல்லாம் ஒரே குடும்பம். ஆர்த்தோ டாக்டர் பான்-40 எழுதியிருப்பார், சர்க்கரை டாக்டர் ரேஸோ-20 எழுதியிருப்பார். பெயர் வேறாக இருப்பதால் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். வலி மாத்திரையோடு ரபேப்ரசோலைச் சேர்த்து ஒரே கேப்ஸ்யூலாக விற்பதும் உண்டு. டப்பாவில் இரண்டு 'ப்ரசோல்' இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, எதைத் தொடர்வது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

3. வயிறு உப்புசம், வாயு, ஏப்பம் மட்டும் இருந்தால் இந்த மாத்திரையால் பெரிய பலன் இருக்காது. இது அமிலச் சுரப்பைத்தான் குறைக்கும். வாயுவைக் குறைக்காது. நெஞ்செரிச்சல், புளித்த நீர் எதுக்களித்து வருதல், எண்டோஸ்கோபியில் தெரிந்த புண் இவற்றுக்குத்தான் இது மருந்து.

4. எப்போது போடுவது? ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இதுதான் முக்கியமான குறிப்பு.

இந்த மாத்திரை இரைப்பைக்குள் கரைந்து வேலை செய்வதில்லை. அமிலம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மேலே ஓர் உறை பூசியிருக்கிறார்கள். அது சிறுகுடலுக்குப் போய்த்தான் கரையும். ரத்தத்தில் கலந்து திரும்பி வந்து, இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் பம்புகளை அடைக்கும். அதிலும் ஓடுகிற பம்பைத்தான் அதனால் அடைக்க முடியும். சும்மா இருக்கும் பம்பை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் மருந்தின் அளவோ ஓரிரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பம்புகள் கூட்டமாக ஓடத் தொடங்குவது சாப்பாடு உள்ளே போகும்போதுதான். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் என்கிறார்கள்.

மருந்துக் கவரில் 1-0-0 என்று எழுதித் தருவதை எல்லோரும் 'காலையில் ஒன்று' என்று படிக்கிறோம். பகல் வேலைக்காரருக்கு அது சரி. இரவு 10 மணி ஷிப்டுக்குப் போனவர் காலை 6 மணிக்கு முடித்து, அறைக்கு வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே படுத்தால்? பம்பு ஓடாத நேரத்தில் மருந்து வந்து போய்விடும். மதியம் எழுந்து பசியோடு குழம்புச் சோறு சாப்பிடும்போது எரிச்சல் அப்படியே இருக்கும். 'இந்த பவர் பத்தலை' என்று அவர் ஒன்றை இரண்டாக்குவார். தேவை இன்னொரு மாத்திரை அன்று, சரியான நேரம். இரவு ஷிப்ட் வாரத்தில் எந்தச் சாப்பாடு பெரிய சாப்பாடோ அதற்கு அரை மணி முன்னால் போடுங்கள். மாலை 4 மணிக்கு எழுந்து 5 மணிக்குச் சாப்பிடுபவர் நாலரைக்குப் போடலாம். ஷிப்ட் மாறினால் மாத்திரை நேரமும் மாறட்டும். டாக்டரிடம் போகும்போது "எனக்கு இந்த வாரம் நைட்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் மறக்கலாம்.

5. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு ஒரு டம்ளர் டீயோடு பத்து மணி வரை ஓட்டுவதும் மேலே சொன்ன கணக்கில்தான் சேரும். அரை மணிக்குப் பிறகு சாப்பாடு கட்டாயம்.

6. எரிந்தால் மட்டும் போடுகிற மாத்திரை இல்லை இது. முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். பிரியாணி சாப்பிட்ட இரவில் உடனே அடங்க வேண்டுமென்றால் ஜெலுசில், டைஜீன் போன்ற திரவ மருந்துகள்தான் சரி. சில நிமிடத்தில் கேட்கும். ஈனோவும் கேட்கும், ஆனால் அதில் சோடியம் அதிகம். பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை வழக்கமாக்கக் கூடாது.

7. உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். முழுங்கச் சிரமப்படும் தாத்தாவுக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் உறை போய், மருந்தை அமிலமே தின்றுவிடும். உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் உள்ள கேப்ஸ்யூல் வகை என்றால், மருந்தாளுநரிடம் கேட்டுவிட்டுத் திறந்து கொடுக்கலாம். அப்போதும் உருண்டைகளை மெல்லக் கூடாது.

8. மாத்திரை தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் தேதியைக் கேட்டு அட்டையின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். சாதாரண நெஞ்செரிச்சல், எதுக்களிப்புக்கு 4 முதல் 8 வாரம். இரைப்பைப் புண், குடல் புண்ணுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. அல்சர் தரும் கிருமிக்கான கூட்டு மருந்து என்றால் 14 நாள். டெங்கு, டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஊசியாகத் தொடங்கியது டிஸ்சார்ஜ் காகிதத்தில் மாத்திரையாக ஏறியிருந்தால், அது எதற்கு, எத்தனை நாளுக்கு என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள். பல வீடுகளில் இது பரம்பரைச் சொத்தானது இப்படித்தான். ஜுரம் போய் மூன்று வருஷமாகியும் 'ஆஸ்பத்திரியில கொடுத்தது' என்பதால் ஓடிக்கொண்டிருக்கும்.

9. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தக் கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அல்சரில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். உணவுக்குழாயில் கடுமையான புண் என்றோ, 'பாரெட்' மாற்றம் என்றோ எண்டோஸ்கோபி அறிக்கையில் எழுதப்பட்டவர்கள். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ சாப்பிடும் வயதானவர்கள். மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் தொடர்ந்து எடுப்பவர்கள். இவர்களுக்கு இந்த மாத்திரை ஒரு காவல். மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும். 'கிட்னி போயிடுமாம்' என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி நிறுத்தி, மறுபடி ரத்த வாந்தியோடு போய்ச் சேர வேண்டாம்.

10. நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வரும் சோதனையைப் பற்றி. மாதக்கணக்கில் அடைபட்டிருந்த இரைப்பை, மாத்திரையை விட்டதும் வழக்கத்தைவிட அதிகமாகவே அமிலம் சுரக்கும். டென்மார்க்கில் வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2009-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொந்தரவு வந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட குழுவில் அது 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு மாத்திரையை நிறுத்தியதால் நோய்க்குறி வந்திருக்கிறது! 'பாத்தியா, விட்டதும் வந்துடுச்சு, எனக்கு இது இல்லாம முடியாது' என்று நம் ஆட்கள் மறுபடி தொடங்குவது இந்த இடத்தில்தான். தொந்தரவு பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும்.

நிறுத்தும் முறை: தினம் இரண்டு என்றால் முதலில் ஒன்றாக்குங்கள். பிறகு 40-ஐ 20 ஆக்குங்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் எரிச்சல் வந்தால் திரவ மருந்தோ, ஃபமோடிடின் மாத்திரையோ டாக்டர் சொன்னபடி. ஒரேயடியாக நிறுத்துவதும் தவறில்லை என்றுதான் அமெரிக்க குடல்நோய் சங்கத்தின் 2022 வழிகாட்டி சொல்கிறது. எந்த வழியானாலும் முதல் சில வாரம் எரியலாம் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். தீபாவளி, கல்யாணச் சாப்பாடு உள்ள மாதத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

11. வலி மாத்திரையைக் கவனியுங்கள். நம் பகுதியில் கேஸ் மாத்திரை இவ்வளவு ஓடுவதற்கு முக்கியக் காரணம் சாப்பாட்டைவிட இதுதான் என்பது என் கணிப்பு. எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, சுமை தூக்குதல், முதுகு, முழங்கால், தோள். அதற்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். இவை இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் படலத்தை மெலியவைக்கும். புண் வரும். அந்தப் புண்ணுக்கு கேஸ் மாத்திரை. வலி தீராது, இரண்டும் தொடரும். ஊசியாகப் போட்டால் வயிற்றைத் தொடாது என்று நினைக்கிறார்கள். ரத்தத்தின் வழியாகப் போயும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

பாராசிட்டமால் போதுமா, மேலே பூசும் களிம்பு போதுமா என்று முதலில் பாருங்கள். வேறு நோய் இல்லாத 25 வயதுத் தம்பி இரண்டு நாள் வலி மாத்திரை போட்டால் கூடவே கேஸ் மாத்திரை பெரும்பாலும் வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பின் போட்டால் போதும். 65 வயதைக் கடந்தவர், முன்பு அல்சர் வந்தவர், ஆஸ்பிரின் அல்லது ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் கட்டாயம் வேண்டும். இன்னொன்று: ஃபர்னஸ் சூட்டில் வியர்த்து வற்றிப்போன உடம்பில் வலி மாத்திரை நேராகச் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். வேலை நேரத்தில் தண்ணீர் பாட்டிலும், முடிந்தால் உப்புப் போட்ட மோரும் கையில் இருக்கட்டும்.

12. பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டிஎஸ்ஆர்' என்று இருந்தால் அதில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. குமட்டல், வாந்திக்கான மருந்து அது. டிஎஸ்ஆர் கேப்ஸ்யூலில் வழக்கமாக 30 மில்லிகிராம் இருக்கும். இதயத் துடிப்பைத் தடம்புரளச் செய்யக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல், இதை ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகத் தரக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. நம் ஊரில் 'டி' போட்டதுதான் நல்லா கேட்கும் என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். வாந்தி இல்லையென்றால் 'டி' வேண்டாம். ஆண், பெண் யாருக்கானாலும் இதைச் சாப்பிடும்போது மார்பகத்தில் வலியோ பால் கசிவோ வந்தால் அதற்கும் இந்த மருந்து காரணமாக இருக்கலாம்.

13. நீண்ட காலம் சாப்பிட்டால் என்ன ஆகும்? பயமுறுத்தலும் உண்டு, உண்மையும் உண்டு. பிரித்துப் பார்ப்போம்.

பி12 சத்து: உணவில் உள்ள பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவு அதிகம் என்று 2013-ல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு காட்டியது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிட்டால் அதுவும் பி12-ஐக் குறைக்கும். சைவ உணவுக்காரராகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாதத்தில் மரமரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவு கட்டாமல் பி12 ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

மெக்னீசியம்: ஒரு வருஷத்துக்கு மேல் எடுப்பவர் சிலருக்குக் குறையலாம். 2011-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, படபடப்பு அறிகுறிகள். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எலும்பு: அதிக அளவில், ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் இடுப்பு, முதுகெலும்பு முறிவு கொஞ்சம் கூடலாம் என்பது அதே துறையின் 2010 எச்சரிக்கை. ஐம்பது தாண்டிய பெண்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

சிறுநீரகம்: அரிதாக, திடீர் அழற்சி வரலாம். நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சிறுநீரகப் பாதிப்பைக் குறிப்புத் தாளில் அச்சிடச் சொல்லியிருக்கிறது. மாத்திரை தொடங்கிய பிறகு சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலும் தோல் தடிப்பும் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

வயிற்றுப்போக்கு: அமிலம் கிருமிக்கு ஒரு தடை. தடை குறைந்தால் வெளித் தண்ணீர், வெளிச் சாப்பாடு எளிதில் கெடுதல் செய்யும். மெஸ் சாப்பாட்டில் வாழ்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இதன் மறுபக்கம்: 17,598 பேரைச் சுமார் மூன்று வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2019-ல் வந்தது. பாதிப் பேருக்கு பான்டோப்ரசோல் 40, பாதிப் பேருக்கு போலி மாத்திரை. குடல் தொற்று மட்டும்தான் தெளிவாகக் கூடியது, 1 சதவீதம் 1.4 ஆனது. சிறுநீரக நோய், எலும்பு முறிவு, மறதி நோய் இவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே, காரணத்தோடு சாப்பிடுபவர் அச்சப்பட வேண்டாம்.

14. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிறு, இதுவும் வெறும் வயிறு, எதை முதலில் போடுவது என்று பெண்கள் கேட்கிறார்கள். எழுந்ததும் தைராய்டு மாத்திரை. கேஸ் மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து சரியாக ஏறாது. அதனால் இதைத் தொடங்கி ஒன்றரை, இரண்டு மாதத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையும் இதே கதை. எவ்வளவு சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றால் டப்பாவில் ஒரு 'ப்ரசோல்' ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். குளோபிடோக்ரெல் சாப்பிடும் இதய நோயாளிக்கு ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஒத்துவராது. பொதுவாக பான்டோப்ரசோலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கடையில் 'அது இல்ல, இது இருக்கு' என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

15. வருஷக்கணக்கில் அல்சர் திரும்பித் திரும்பி வருகிறதா? ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இந்தக் கிருமியைப் பிடித்தார்கள். யாரும் நம்பவில்லை என்று 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருந்தால் பதினான்கு நாள் மருந்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு விஷயம்: மூச்சு, மலப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் இந்த மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். எப்படி நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

16. பழைய ரானிடிடின் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அதில் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு 2019-ல் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்கா அதைச் சந்தையில் இருந்து எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் நீக்கிவிட்டார்கள். அதே வகையில் ஃபமோடிடின் இருக்கும்போது இது எதற்கு?

17. மாத்திரை பாதி, பழக்கம் பாதி. சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதுதான் நெஞ்செரிச்சலுக்கு முதல் மருந்து. இரவு ஷிப்ட் முடித்து வந்து வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே சாய்வது மோசம். வரும்போது இரண்டு இட்லி, எழுந்த பிறகு பெரிய சாப்பாடு என்று மாற்றிப் பாருங்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் கீழே அமையும், அமிலம் மேலே ஏறுவது குறையும். கட்டில் இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் கழுத்துதான் வளையும், வயிறு மடங்கி இன்னும் ஏறும். லைன் வீட்டில் பாயில் படுப்பவர்களுக்கு இடது பக்கம் படுப்பதுதான் சுலபமான வழி. பெல்ட்டைச் சாப்பிட்டதும் ஒரு ஓட்டை தளர்த்துங்கள். பீடி, சிகரெட், ஹான்ஸ், மது இவை எல்லாமே எரிச்சலைக் கூட்டும். தூக்கம் வராமலிருக்க இரவு முழுக்க டீயாகக் குடிப்பவர்கள், வெறும் வயிற்று டீயையாவது விடலாம். காரத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. எல்லாருக்கும் காரம் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, எது உங்களுக்கு எரிக்கிறதோ அதை மட்டும் விடுங்கள். தொப்பை குறைந்தால் மாத்திரையும் குறையும் என்பது பலருக்கு அனுபவத்தில் தெரியவரும்.

18. இந்த அறிகுறிகள் இருந்தால் மாத்திரையால் மூடி மறைக்காதீர்கள்: தார் போலக் கறுத்த மலம், ரத்த வாந்தி அல்லது காபித்தூள் போன்ற வாந்தி, சாப்பாடு தொண்டைக்குக் கீழே அடைப்பது, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, ஓயாத வாந்தி. ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முறையாக நெஞ்செரிச்சல், எதுக்களிப்புத் தொந்தரவு தொடங்கினாலும் எண்டோஸ்கோபி பார்த்துவிட வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் பிசுபிசுவென்று நாற்றத்தோடு இருந்தால் அது ரத்தம்.

19. கடையில் இரண்டு மாத்திரை நறுக்கி வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடம் இருக்கும் துண்டோடு போய்விடும். அட்டையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இருந்து பிதுக்கி எடுத்து டிபன் பையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு வைக்காதீர்கள். ஈரம் பட்டால் உறை கெடும். கடலோரக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். ஆங்கிலமும் தமிழும் படிக்கத் தெரியாத ஒடிசா, பிகார் தம்பிகள் உங்கள் அறையில் இருந்தால், கவரில் மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு தட்டை வரைந்து அதற்கு முன்னால் ஒரு கடிகாரம் வரைந்து கொடுங்கள். புரிந்துகொள்வார்கள்.

20. காசில்லாமல் பார்க்க வழி இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈஎஸ்ஐ-யில் வருவார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். பிடித்திருந்தால் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அயனாவரத்திலும் கே.கே.நகரிலும் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிகள் உள்ளன. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைகளிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். பெரிய பரிசோதனை வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே குடல்நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நீண்ட நாள் வாங்க வேண்டியவர்கள் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கும்.

21. கடைசியாக, மருந்துக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பான்டோப்ரசோல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்காகத்தான். ஷிப்ட் முடிந்து களைத்து வருபவரை சீட்டு எங்கே என்று விரட்டினால் அடுத்த கடைக்குத்தான் போவார், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரே ஆள் மூன்றாவது மாதமும் அதே அட்டைக்கு வந்து நின்றால், "எத்தனை நாளா சாப்பிடுறீங்க? யார் எழுதினது? மலம் கறுப்பா போகுதா?" என்று இந்த மூன்று கேள்வியையாவது கேட்டு, டாக்டரிடம் அனுப்பி வையுங்கள்.